எப்போதாவது பின்னால் ஒருவர்: அதற்கேற்ற பைக்கைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பைக் வாங்கும் நம்மில் பெரும்பாலானோர் வாரத்தில் ஐந்தாறு நாள் தனியாகத்தான் ஓட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கடைத்தெரு, மாதத்தில் ஒரு நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி, வருடத்தில் ஒன்றிரண்டு முறை நண்பனோடு மலைப் பயணம், அவ்வளவுதான். ஆனால் ஷோரூமில் நிற்கும்போது இந்த 'எப்போதாவது' நினைவுக்கே வருவதில்லை. முன் சீட்டில் உட்காருகிறோம், ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்கிறோம், ஆக்சிலரேட்டரை முறுக்குகிறோம், நிறத்தை முடிவு செய்கிறோம். பின் சீட்டில் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

பின்னால் உட்காரப் போகிறவர் ஒரு முறையாவது ஏறி, உட்கார்ந்து, ஒரு ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டிப் பார்க்காத வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வண்டி வாங்கிய பிறகு மாற்றக்கூடியவை சில உண்டு: டயர் காற்று, ஷாக் அப்சார்பரின் இறுக்கம், கைப்பிடி. மாற்ற முடியாதவை சில உண்டு: சீட்டின் உருவம், எவ்வளவு சுமை தாங்கும் என்ற கணக்கு, இன்ஜினின் குணம், வண்டியின் எடை. ஷோரூமில் இருக்கும் நேரத்தையெல்லாம் இந்த இரண்டாம் வகைக்குச் செலவிடுங்கள்.

1. யார், எவ்வளவு தூரம்

ஒரு தாளில் எழுதுங்கள். யார் யார் பின்னால் ஏறுவார்கள், எந்தச் சாலையில், ஒரு தடவைக்கு எத்தனை கிலோமீட்டர். இதை எழுதினாலே பாதி வண்டிகள் பட்டியலிலிருந்து தானாகக் கழிந்துவிடும்.

கல்லூரி நண்பன் இரு பக்கமும் கால் போட்டு உட்காருவான். எந்த சீட்டிலும் சமாளிப்பான். அறுபதைத் தாண்டிய அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால், உயரமான பின் சீட்டுக்கு மேலாகக் காலைத் தூக்கிப் போடுவதே பெரிய வேலை. புடவை கட்டும் அம்மா ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். அவருக்கு வேண்டியது அகலமான, சமமான சீட்டும், இடது பக்கம் இரண்டு பாதத்தையும் ஊன்ற ஓர் இடமும். மூவருக்கும் ஒரே வண்டி என்றால் இவர்களில் யாருக்குச் சிரமம் அதிகமோ, அவரை வைத்து முடிவு செய்யுங்கள். அம்மா வசதியாக உட்காரும் வண்டியில் நண்பனும் உட்காருவான். நண்பன் உட்காரும் எல்லா வண்டியிலும் அம்மாவால் உட்கார முடியாது.

தூரமும் முக்கியம். நான்கு கிலோமீட்டர் கடைத்தெருப் பயணத்துக்கு எந்த 100 சிசி வண்டியும் போதும். செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் வரை நெடுஞ்சாலையில் இருவராகப் போவது வேறு விஷயம். பேருந்தும் லாரியும் உரசிக்கொண்டு முந்தும் சாலையில், தேவைப்படும்போது வேகமெடுத்து விலகிப் போகக் கொஞ்சம் சக்தி கையிருப்பில் இருக்க வேண்டும்.

பின்னால் ஏறப்போவது வயதான அம்மா மட்டும்தான், ஓட்டப்போவது ஊருக்குள் மட்டும்தான் என்றால், மோட்டார் சைக்கிளே வேண்டாம். ஆக்டிவா, ஜுபிடர், ஆக்சஸ் மாதிரி ஒரு ஸ்கூட்டர் எடுங்கள். சீட் தாழ்வு, அகலம், ஏறி இறங்க எளிது. இனி வருவது மோட்டார் சைக்கிள்தான் வேண்டும் என்று இருப்பவர்களுக்கு.

2. எடைக் கணக்கு

யாரும் பார்க்காத ஓர் எண் எல்லா வண்டியின் கையேட்டிலும் இருக்கிறது: அதிகபட்ச சுமை. ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், பை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து அந்த வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்பது அது. நம்மூரில் ஓடும் பல 100, 125 சிசி வண்டிகளுக்கு இது 130 கிலோ.

கணக்குப் போடுங்கள். நீங்கள் 74 கிலோ, மனைவி 58 கிலோ என்றால் இரண்டும் சேர்ந்து 132. இரண்டு ஹெல்மெட் சேர்ந்து இரண்டரை கிலோ வரும். காய்கறிப் பை ஐந்து கிலோ. கிட்டத்தட்ட 140 ஆகிவிட்டது. இரண்டு சராசரி ஆட்களே 130 கிலோ எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். எப்போதாவது பத்து கிலோ கூடினால் வண்டியின் சட்டகம் உடனே முறிந்துவிடாதுதான். ஆனால் பிரேக், டயர், ஷாக், ஸ்போக்கு எல்லாமே அந்த எண்ணை மனதில் வைத்துத்தான் செய்யப்பட்டவை. உங்கள் வீட்டில் இருவருமே 80 கிலோவுக்கு மேல் என்றால், 100 சிசி வண்டிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விற்பனையாளர் 'எல்லாரும் போறாங்க சார்' என்பார். கையேட்டைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

டயரிலும் ஒரு கணக்கு எழுதியிருக்கும். பக்கவாட்டில் 80/100-18 54P என்று இருந்தால், அந்த 54 சுமைக் குறியீடு. 212 கிலோ வரை அந்த ஒரு டயர் தாங்கும் என்று பொருள். 49 என்றால் 185 கிலோ. 57 என்றால் 230. P என்பது 150 கிலோமீட்டர் வேகம் வரைக்குமானது. பின்னால் ஆள் ஏறினால் அவருடைய எடையில் பெரும்பகுதி பின் டயரில்தான் இறங்கும். அதனால் பிறகு டயர் மாற்றும்போதும் இந்த எண் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தும் குறியீடு குறைந்த டயர்கள் கடைகளில் கிடைக்கின்றன.

3. சீட்: இங்கேதான் நிதானம் வேண்டும்

சீட்டைப் பார்க்கும்போது முதல் கேள்வி, அது ஒரே துண்டா, இரண்டு துண்டா என்பது. ஸ்ப்ளெண்டர், ஷைன், யூனிகார்ன் போன்றவற்றில் நீளமான ஒரே சீட். யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி வகை வண்டிகளில் பின் சீட் தனித்துண்டாக, முன் சீட்டைவிட நன்றாக உயர்ந்து, கைக்குட்டை அளவில் இருக்கும். அதில் உட்காருபவரின் முழங்கால்கள் மடங்கி மேலே வந்துவிடும். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அவர் சரிந்து உங்கள் முதுகில் வந்து சாய்வார். அவர் எடையையும் சேர்த்து உங்கள் மணிக்கட்டுகள்தான் தாங்க வேண்டும். பத்து கிலோமீட்டரில் இருவருக்கும் அலுத்துவிடும்.

இரண்டு துண்டு சீட் என்றாலே மோசம் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. ரைடர் 125, அப்பாச்சி, பல்சர் வரிசையில் சில மாடல்களில் பின் துண்டு ஓரளவு அகலமாகவும் அதிகம் உயராமலும் இருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பார்ப்பது போதாது. நீங்கள் முன்னால் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அம்மாவை ஏறச் சொல்லுங்கள். ஏறும்போது அவர் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள்: உங்கள் தோளுக்கா, பின் கைப்பிடிக்கா, காற்றில் தேடுகிறதா? உட்கார்ந்த பிறகு அவர் உடம்பின் எடை முழுவதும் சீட்டின் மேல் இருக்கிறதா, இல்லை ஒரு பக்கம் விளிம்பில் தொங்குகிறதா? பாதங்கள் இரண்டும் எதன் மேலாவது பதிந்திருக்கின்றனவா? புடவையோடு ஒரு பக்கமாக உட்காரும்போது பல வண்டிகளில் ஒரு பாதம் ஃபுட்ரெஸ்டில் இருக்கும், மற்ற பாதம் அந்தரத்தில் ஆடும். அப்படி இருந்தால் சில நிமிடங்களில் தொடை மரத்துவிடும். 'சௌகரியமா இருக்காம்மா?' என்று கேட்டால் 'இருக்குப்பா' என்றுதான் சொல்வார். கேட்காதீர்கள். ஐந்து நிமிடம் அப்படியே உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருங்கள். அவர் நெளிகிறாரா, காலை மாற்றுகிறாரா என்று பாருங்கள். பதில் தெரிந்துவிடும்.

சீட்டின் மென்மையை வைத்து ஏமாற வேண்டாம். விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கும் சீட் ஷோரூமில் சுகமாக இருக்கும். அரைமணி நேரத்தில் அடித்தட்டு உட்காரும் இடத்தில் குத்த ஆரம்பிக்கும். சற்றே கெட்டியான, அகலமான சீட்தான் தூரத்துக்கு நல்லது. பின்பக்கம் கீழ்நோக்கிச் சரியும் சீட்டையும் தவிருங்கள். வண்டி வேகமெடுக்கும்போது பின்னால் இருப்பவருக்கு வழுக்கி விழுவது போன்ற பயம் வரும். அந்தப் பயம் ஒரு முறை வந்துவிட்டால் அடுத்த முறை ஏற மாட்டார்.

சில பாபர் வகை வண்டிகள் ஒற்றை சீட்டோடு வருகின்றன. 'அப்புறம் சீட் போட்டுக்கலாம்' என்று சொல்வார்கள். வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை என்ன பதிவாகும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்று என்று பதிவானால், பின்னால் ஆள் ஏற்றும் பேச்சே வேண்டாம்.

4. கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சாரி கார்டு

இவை அலங்காரப் பொருட்கள் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123ஆம் விதிப்படி, பின்னால் ஆள் ஏறும் வசதி உள்ள எந்த மோட்டார் சைக்கிளும் நிலையான கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு ஆகிய மூன்றோடுதான் தயாரிக்கப்பட வேண்டும். அந்தத் தடுப்பைத்தான் நாம் சாரி கார்டு என்கிறோம். வண்டி எடுத்த மறுநாளே 'லுக் கெடுகிறது' என்று அதைக் கழற்றிப் போடுகிறார்கள் பலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நம்மூர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் சைலன்சர் வலது பக்கம், செயின் இடது பக்கம். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் விழுவதும் அந்த இடது பக்கம்தான். சுற்றும் சக்கரத்தில் துப்பட்டா சிக்கினால் கழுத்தை இறுக்கிப் பின்னால் இழுத்துவிடும். கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

அதே காரணத்துக்காக செயின் கவரையும் பாருங்கள். ஸ்ப்ளெண்டர், ஷைன் போன்றவற்றில் செயின் முழுக்க மூடியிருக்கும். விளையாட்டுத் தோற்றமுள்ள வண்டிகளில் மேலே ஒரு பட்டை மட்டும் இருக்கும். புடவை, சுடிதார், வேட்டி என்று பின்னால் வருகிறவர்கள் வீட்டில் இருந்தால் முழு கவர் உள்ள வண்டிக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுங்கள்.

கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சில மாடல்களில் சீட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் மெல்லிய பள்ளம்தான் கைப்பிடி. நான்கு விரலும் முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடிய வேண்டும். ஒரு பக்கமாக உட்காருபவர் வலது கையால் உங்கள் தோளையோ இடுப்பையோ பிடிப்பார். இடது கைக்கு அந்தக் கம்பி எட்டுகிறதா என்று பாருங்கள்.

சைலன்சருக்கு மேல் வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. குழந்தைகளின் கெண்டைக்கால் சுடுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

5. இன்ஜின்: சிசியை மட்டும் பார்க்காதீர்கள்

பின்னால் ஆள் ஏறினால் உங்களுக்கு வேண்டியது அதிக வேகம் இல்லை. குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவை. அதை டார்க் என்ற எண்ணிலும், அது எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்போது கிடைக்கிறது என்பதிலும் பார்க்கலாம்.

ஓர் உதாரணம். 2020இல் பிஎஸ்6 புகை விதிப்படி வந்த ஹோண்டா யூனிகார்னின் டார்க் 14 நியூட்டன் மீட்டர். யமஹா ஆர்15 நான்காம் பதிப்பின் டார்க் 14.2. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் யூனிகார்னுக்கு அது 5500 ஆர்பிஎம்மில் வருகிறது, ஆர்15க்கு 7500இல். குதிரைத்திறனில் ஆர்15 வெகுதூரம் முன்னால் இருக்கிறது. இருந்தாலும் இரண்டு பேரோடு சிக்னலில் நின்று கிளம்பும்போதும், மேம்பாலம் ஏறும்போதும் யூனிகார்ன் அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். ஆர்15ஐ முறுக்கிக்கொண்டே, கியரை இறக்கிக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். ராயல் என்ஃபீல்டு 350களில் 27 நியூட்டன் மீட்டர் வெறும் 4000 ஆர்பிஎம்மில் கிடைக்கிறது. பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே பல நேரம் இன்ஜினுக்குத் தெரியாது.

100 சிசி வண்டிகளில் டார்க் எட்டு நியூட்டன் மீட்டர் அளவில், 125களில் பதினொன்றை ஒட்டி. சமதளமான ஊரில், குறைந்த தூரத்தில் இருவர் போக இது போதும். மலை என்று வந்தால் நிலைமை மாறும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. கொண்டை ஊசியில் வேகம் இருபதுக்குக் கீழே இறங்கிவிடும். திரும்பி முடித்ததும் அந்தச் சரிவிலேயே மறுபடி இழுக்க வேண்டும். எதிரே பேருந்து வந்து வளைவின் நடுவில் நிற்க வேண்டி வந்தால், இருவரோடும் ஏற்றத்தில் கிளப்ப வேண்டும். இந்த இடத்தில்தான் 100 சிசி திணறுகிறது, கிளட்ச் தீய்கிறது. வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் இருவராக மலை ஏறுவீர்கள் என்றால் 150, 160 சிசியிலிருந்து தொடங்குங்கள்.

என்னைக் கேட்டால், தினமும் தனியாக வேலைக்கும், எப்போதாவது இருவராகவும் என்ற கணக்குக்கு நீளமான ஒரே சீட் உள்ள 150–160 சிசி வண்டிதான் பலருக்கும் பொருந்தும். 125 சிசி, ஊருக்குள்ளேயே இருப்பவர்களுக்கு. 350, அடிக்கடி நெடுஞ்சாலையில் இருவராகப் போகிறவர்களுக்கு. வருடத்தில் நான்கு நாள் பின்னால் ஆள் ஏறுவார் என்பதற்காக மட்டும் 350 வாங்கி, மீதி நாளெல்லாம் நெரிசலில் அந்த எடையைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

6. உங்கள் கால் தரையில் இருக்கிறதா?

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டி விழுவது ஓடும்போது மட்டுமில்லை, ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். ஒருவர் இடது ஃபுட்ரெஸ்டில் காலை வைத்து ஏறும் அந்த ஒரு விநாடியில், அவர் எடை முழுவதும் வண்டியை இடது பக்கம் சாய்க்கும். அதைத் தாங்குவது உங்கள் இடது கால் ஒன்றுதான். குதிகால் தூக்கி விரல் நுனியில் நின்றால் தாங்க முடியாது.

ஆகவே சீட் உயரத்தையும் வண்டி எடையையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் 785 மில்லிமீட்டர் உயரம், சுமார் 112 கிலோ. கிளாசிக் 350 உயரம் 805, எடை 195 கிலோ. உயர வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்தான்; சாயும்போது பிடித்து நிறுத்த வேண்டிய எடையோ எண்பது கிலோவுக்கு மேல் கூடுதல். மீட்டியோர் 350 எடையில் கிளாசிக்குக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதன் சீட் 765தான். உயரம் குறைந்தவர்களுக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியும். ஐந்தடி மூன்று அங்குலம் உள்ள ஒருவர் ஆசைப்பட்டு உயரமான ஹிமாலயன் வாங்கி, பின்னால் யாரையும் ஏற்றவே தயங்குவதில் பயன் இல்லை.

7. ஷாக், பிரேக்

பின் ஷாக்கில் இறுக்கத்தை மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இரட்டை ஷாக் உள்ள பெரும்பாலான வண்டிகளில் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். பொதுவாக ஐந்து படிகள். வண்டியோடு தரும் டூல் கிட்டில் இருக்கும் வளைந்த ஸ்பேனரால் அதைத் திருப்பலாம். எப்போதாவது மட்டும் ஆள் ஏற்றுபவருக்கு இதைவிட உதவும் வசதி வேறில்லை: தனியாகப் போகும்போது இளக்கி, இருவராகப் போகும்போது இறுக்கிக்கொள்ளலாம். ஒற்றை மோனோஷாக் உள்ள சில வண்டிகளில் அதைத் திருப்ப கை நுழையவே இடம் இருக்காது. ஷோரூம் மெக்கானிக்கை ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். அவரே சிரமப்பட்டால் நீங்கள் வீட்டில் செய்யப் போவதில்லை.

பிரேக்கில் சட்டமே ஓரளவு பார்த்துக்கொள்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயம், அதாவது திடீரெனப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. 125 வரை குறைந்தபட்சம் சிபிஎஸ், அதாவது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். பின்னால் ஆள் இருக்கும்போது பின் சக்கரத்தில் எடை கூடுவதால் பின் பிரேக் வழக்கத்தைவிட நன்றாகவே வேலை செய்யும். தனியாக ஓட்டும்போது முன் பிரேக்கையே நம்பிப் பழகியவர்கள் அன்றைக்கு இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நிற்க வழக்கத்தைவிடக் கூடுதல் தூரமும் எடுக்கும். 125 சிசிக்குள் எடுப்பதாக இருந்தால், முன்னால் டிஸ்க் உள்ள வகைக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீண் இல்லை.

8. டெஸ்ட் ரைடை இருவராக எடுங்கள்

ஷோரூம் ஆள் பின்னால் உட்கார்ந்து வந்தால் அது சோதனை ஆகாது. உங்கள் வீட்டு ஆள், அவர் வழக்கமாக உடுத்தும் உடையில், ஹெல்மெட்டோடு ஏறட்டும். மூன்று கிலோமீட்டர் போதும். ஆனால் அதில் ஒரு ஸ்பீட் பிரேக்கர், ஒரு யூ டர்ன், முடிந்தால் ஒரு மேம்பால ஏற்றம் இருக்க வேண்டும்.

ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது ஷாக் 'டொக்' என்று அடிவாங்கினால் இறுக்கத்தை இரண்டு படி கூட்டி மறுபடி ஏறிப் பாருங்கள். அப்போதும் அடித்தால் அந்த எடைக்கு அந்த வண்டி வேண்டாம். யூ டர்னில் ஹேண்டில் லேசாகி அலைகிறதா என்று கவனியுங்கள். பின்னால் எடை கூடும்போது முன் சக்கரம் இலேசாகிறது, சில வண்டிகளில் அது நன்றாகவே தெரியும். ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்திக் கிளப்புங்கள். அப்புறம் ஓர் இடத்தில் நிறுத்தி, பின்னால் இருப்பவரை இறங்கி மறுபடி ஏறச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் முதலில் பேச வேண்டியவர் அவர்தான்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இரண்டு வார்த்தை. பின் ஷாக்கின் தண்டில் எண்ணெய்க் கசிவு, பின் ஃபுட்ரெஸ்ட் வளைவு, சாரி கார்டு இல்லாமை, சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் வரும் தளர்வு, இந்த நான்கையும் பாருங்கள். அதிக சுமையோடு ஓடிய வண்டி இங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

9. இன்சூரன்ஸ்: பின்னால் இருப்பவர் இதில் இருக்கிறாரா?

இதை மட்டும் அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு, சாலையில் உங்கள் வண்டி மோதியவர்களுக்கானது. உங்கள் பின்னால் இருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முழுக் காப்பீடு எடுத்திருந்தால் பின்னால் இருப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் தெளிவுபடுத்தியது.

2018 செப்டம்பர் முதல் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகவே எடுக்க வேண்டும். அதை முழுக் காப்பீடாக்கும் சொந்த சேதத்துக்கான பகுதியை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுக்கலாம். பலர் அந்த ஒரு வருடம் முடிந்ததும், 'ஐந்து வருடம் இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நாளிலிருந்து பின்னால் உட்காரும் அம்மாவுக்குப் பாதுகாப்பு இல்லை. வருடா வருடம் அதைப் புதுப்பியுங்கள். கட்டாயமாக எடுக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் வண்டி உரிமையாளருக்கு மட்டுமானது. பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துத் தனியாகக் கேட்டால் கொஞ்சம் கூடுதல் தொகையில் தருவார்கள். பாலிசித் தாளில் அந்த வரி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது ஹெல்மெட்டின் விலையையும் வண்டி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, பின்னால் வருபவர் தலைக்குப் பொருந்துவது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அது கட்டாயம். மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம், உரிமத்துக்கு மூன்று மாதத் தடை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை என்றால், உங்களோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தை ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40க்குள் இருக்க வேண்டும். 2023 பிப்ரவரி முதல் இது விதி. பின்னால் ஒருவர் மட்டுமே போகலாம், அவரும் ஓட்டுபவருக்குப் பின்னால் உள்ள சீட்டில்தான் உட்கார வேண்டும் என்கிறது சட்டம். குழந்தையை டேங்க் மேல் உட்கார வைப்பது இதற்குள் வராது. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) மட்டும் வைத்திருப்பவர் கற்றுத்தருபவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்பதையும் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

10. வண்டி வந்த பிறகு, ஆள் ஏறும் நாளில்

காற்று முதலில். கையேட்டிலோ செயின் கவர் பக்கத்து ஸ்டிக்கரிலோ பின் டயருக்கு இரண்டு எண்கள் இருக்கும்: ஒருவருக்கு, இருவருக்கு. சில மாடல்களில் வித்தியாசம் நான்கு பிஎஸ்ஐ, சிலவற்றில் அதைவிட நன்றாகவே அதிகம். பங்க் பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதான் வைப்பான். எண்ணை நீங்கள் சொல்ல வேண்டும். டயர் சூடாவதற்கு முன்பு, வீட்டுக்குப் பக்கத்து பங்க்கிலேயே பிடியுங்கள்.

ஷாக்கை இரண்டு படி கூட்டுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். ராத்திரிப் பயணம் என்றால் ஹெட்லைட்டையும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். பின்பக்கம் அமுங்கும்போது வெளிச்சம் மேலே எழும்பி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

ஏறுபவரிடம் நான்கே விஷயம் சொன்னால் போதும். 'ஏறலாமா' என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஏற வேண்டாம். வளைவில் நான் சாயும் பக்கமே நீங்களும் சாயுங்கள், எதிர்ப்பக்கம் நிமிர வேண்டாம். நிற்கும்போது காலைக் கீழே ஊன்ற வேண்டாம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகச் சொல்லுங்கள், துப்பட்டா என்றால் பின்னால் கொண்டுபோய் முடிச்சு. ஒரு பக்கமாக உட்காருவதைவிட இரு பக்கமும் கால் போடுவது பாதுகாப்பு. முடிகிறவர்கள் நீண்ட தூரத்துக்குச் சுடிதாரில் வரட்டும். முடியாதவர்களோடு வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள், இடது பக்க எடையை ஈடுகட்ட நீங்கள் இலேசாக வலது பக்கம் உட்காருங்கள்.

கிளட்சை மெதுவாக விடுங்கள். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பின்னால் இருப்பவர் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் முட்டினால், நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு இடம் விடுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி அவரை நடக்க விடுங்கள். அவருக்குக் காலை நீட்ட வழியில்லை, கையை மாற்றவும் இடம் குறைவு.

மறுநாள் தனியாகக் கிளம்பும் முன் ஷாக்கைப் பழைய படிக்குக் கொண்டுவந்து, பின் டயர் காற்றையும் ஒருவருக்கான அளவுக்குக் குறைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் குதிக்கும், பின் டயரும் நடுவில் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.